அணங்கு: ஒரு பழஞ்சொல்லும் அச்சத்தின் இறையியலும்

சங்கச் செய்யுட்களை இறையியல் நோக்கோடு கற்கப் புகும் மாணவர்க்குத் தவறாது எதிர்ப்படும் சொற்களுள் ஒன்று ‘அணங்கு’. இச்சொல்லை இன்று நம்மிடையே இரு சாரார் இரு வேறு வகையில் கையாளுகின்றனர். ஒரு சாரார், பெண்ணிடம் உறையும் தெய்விக ஆற்றலுக்குப் பண்டைத் தமிழர் இட்ட பெயர் இதுவெனக் கொண்டு, தமிழ்க் கிறிஸ்தவ இறையியலில் கடவுளின் தாய்மைத் தன்மையைக் குறிக்க இதனை எடுத்தாளலாம் என்பர். மற்றொரு சாரார் அணங்கு என்றால் பேய் என்று ஒரே சொல்லில் பொருள் கூறி, பழைய சமயத்தின் இருளுக்குச் சான்றாக அதனைப் பிரசங்க மேடையில் நிறுத்துவர். இரண்டிற்கும் அகராதியில் இடமுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வருத்தம், நோய், அச்சம், கொலை, தெய்வம், பேய், தெய்வமகள், அழகு என ஒன்றோடொன்று பொருந்தாதன போலத் தோன்றும் பொருள்களை இச்சொல்லின்கீழ் அடுக்குகின்றது. அகராதியின் பணி அடுக்குவது. எந்தப் பொருள் எந்த இடத்தில், எந்தக் காலத்தில் உயிரோடிருந்தது என்பதைச் செய்யுட்களைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். மேற்கூறிய இரு சாராரும் அவ்விதம் பார்த்ததாக நமக்குத் தோன்றவில்லை.

முதற்கண் நோக்கத்தக்கது, அணங்கு பெயராக மட்டுமன்றி வினையாகவும் வழங்கியது என்பதாகும். அணங்குதல் என்றால் வருத்துதல், தாக்கி நலிவித்தல். வெறிபாடிய காமக்கண்ணியார் பாடிய அகநானூறு 22 இதற்கு நல்ல சான்று. அப்பாட்டில் அருவி இழியும் நெடிய மலை அணங்கு உடையதாகச் சொல்லப்படுகின்றது. அடுத்த மூச்சிலேயே, அம்மலைநாட்டுத் தலைவனது அகன்ற மார்பு தலைவியை ‘அணங்கிய’ நோய் பேசப்படுகின்றது. ஒரே சொல், முதலில் மலையின் உடைமை. பின்னர் மார்பின் செயல். இங்கு வருத்துவது ஆணின் மார்பு, வருந்துவது பெண் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பெயராக வருமிடத்து, ‘உடை’ என்னும் ஒட்டோடு ‘அணங்குடை’ என அடைமொழியாய் நிற்பதே பெருவழக்கு. எவையெவை அணங்குடையன? புறநானூறு 52இல் புலி வாழும் மலையின் நெடிய கொடுமுடி. அகநானூறு 207இல் உப்பு விளையும் வயல்களுக்கு அப்பால் விரியும் கடல். பொருநராற்றுப்படையில் கரிகாலனுக்கு உவமையாகும் யாளிக் குருளை. தாயின் பாலை மறவாத பருவத்திலேயே, தன் முதல் வேட்டையில் களிற்றைக் கொன்றது அது. பதிற்றுப்பத்து 88இல் சேரர் வெட்டி வீழ்த்திய பகைவரது கடம்ப மரம். நற்றிணை 386இல் தலைவன் செய்து தருவதாகக் கூறும் சூள். மலை, கடல், விலங்கு, மரம், ஆணை ஆகிய இவற்றில் எதனையும் பெண்ணென்று கூற இயலாது. இவற்றுக்குள்ள ஒற்றுமை ஒன்றே: எல்லை மீறி நெருங்கினால் இவை தாக்கும்.

ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட பண்டைத் தமிழ்ச் செய்யுள் பற்றிய நூல், அணங்கு என்பதைப் புனித ஆற்றலாகக் கொண்டு, அது பெண்ணிடத்தும் அவளது கற்பிடத்தும் சிறப்பாகத் தங்குவதாக விளக்கியது. மேலைநாட்டுச் சமய ஆய்வாளர் பலர் தமிழகத்தை அந்நூலின் வழியாகவே காணத் தொடங்கினர். கமில் சுவெலபிலும் பழந்தமிழ் நூல்களில் புனித ஆற்றலின் இயல்பு பற்றித் தனியே எழுதினார். பின்னர், 1986இல், வி. எஸ். ராஜம் அம்மையார் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் ஆய்விதழில், இச்சொல்லின் பரந்த பொருட்களம் பெண்ணின் புனித ஆற்றல் என்னும் ஒரு கருத்துக்குள் சுருக்கப்பட்டுவிட்டது என்று மறுத்தெழுதினார். செய்யுட்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பவர் ராஜம் அம்மையாரின் பக்கமே சாய்வர் என்பது நம் கருத்து. எனினும் ஹார்ட் முற்றும் இல்லாததைக் கண்டார் என்று கூறுவதற்கில்லை. பெண்ணைப் பற்றிய பாடல்களில் இச்சொல் வருவது உண்மையே. ஆனால் பல இடங்களுள் ஒன்றை அவர் மூல இடமாக்கினார். நம் மாணவர் சிலர் அதனை ஒரே இடமாக்கிவிட்டனர்.

பெண்ணோடு தொடர்புற்ற இடங்களையும் சற்று நின்று பார்ப்போம். கயமனார் பாடிய அகநானூறு 7இல், பருவமெய்திய மகளைத் தாய் எச்சரிக்கின்றாள். உடல் வளர்ந்துவிட்டது, தழையும் உடுத்திவிட்டாய், இந்தப் பழைய ஊரில் தாக்கணங்கு உண்டு, காப்பும் பூண்டிருக்கிறாய், ஆகவே தலைவாயிலைக்கூடக் கடந்து போகாதே என்பது அவள் கூற்றின் சாரம். அணங்கு இங்கே ஊரில் இருக்கின்றது, பெண்ணுக்கு வெளியே இருக்கின்றது. பெண் அதனை உடையவள் அல்லள், அதனால் தாக்கப்படக்கூடியவள். தாயின் அச்சம் மகளைக் குறித்ததன்று, மகளுக்காக ஏற்பட்டது.

திருக்குறளில் நிலைமை மாறிவிடுகின்றது. 109ஆம் அதிகாரத்தின் பெயரே ‘தகையணங்குறுத்தல்’. தலைவியின் வனப்புத் தன்னை வருத்துவதைத் தலைவன் கூறுவது. அதன் முதற்குறளில் (1081) காண்பது அணங்கோ மயிலோ மானிடப் பெண்ணோ என்று அவன் நெஞ்சம் மயங்குகின்றது. அடுத்த குறளில் அவளது எதிர்நோக்கு, தாக்கணங்கு ஒரு படையையும் உடன்கொண்டு வந்தாற்போல் இருக்கின்றது. 918ஆம் குறளோ வரைவின் மகளிரைப் பற்றிய அதிகாரத்தில் நின்று, ஆராயும் அறிவில்லாதார்க்கு அவர்களது தழுவலே அணங்கு என்கின்றது. ஒரே புலவரிடத்தில் தலைவியின் பார்வையும் பொதுமகளின் தழுவலும் ஒரே சொல்லுக்கு உரியனவாகின்றன. கற்போடு இச்சொல்லைப் பிணைத்துக் கட்டுவோர் 918ஆம் குறளை என்ன செய்வார்கள்? பரிமேலழகர் அணங்கைக் காமநெறியால் உயிர் கொள்ளும் தெய்வமகளாக உரைப்பார். அவர் காலத்தில் சொல் மலையையும் கடலையும் விட்டிறங்கிப் பெண்ணுருவம் கொள்ளத் தொடங்கிவிட்டது.

போதகர்களுக்கு நேராகத் தொடர்புடைய செய்யுள் தொகுதி ஒன்று உண்டு. அது வெறியாட்டுப் பாடல்கள். தலைவி மெலிகின்றாள். தாய்க்குக் காரணம் தெரியவில்லை. முதிய பெண்டிர் குறி பார்த்து இது நெடுவேளால் வந்தது என்பர். வேலன் வந்து களம் இழைத்துப் பலியிட்டு ஆடுவான். நாம் மேலே கண்ட அகநானூறு 22இல் இவை யாவும் நடந்தேறுகின்றன. அன்றிரவே தலைவன் மறைவாக வந்து சேர, நோய் தீர்கின்றது. இதற்குத் தொடர்பே இல்லாத வேலன் வீணே வருந்தியதைக் கண்டு தலைவி தனக்குள் நகைக்கின்றாள். நற்றிணை 34 இன்னும் துணிவானது. அதில் தோழி முருகனையே முன்னிலைப்படுத்திப் பேசுகின்றாள். இவள் நோய் உன் அணங்கால் வந்ததன்று, இவளுடைய தலைவனது மார்பால் வந்தது. அது தெரிந்திருந்தும் வேலன் அழைத்தான் என்று கடம்பு சூடி இங்கு வந்து நிற்கின்றாயே. நீ கடவுளே ஆயினும் அறியாமை உடையாய் என்கின்றாள். வாழ்த்தோடு கூடிய ஏளனம் அது.

தெய்வத்தையும் பூசாரியையும் நகையாடுவதால் இப்பாடல்கள் நமக்கு உவப்பானவை என்று கொள்வது மேம்போக்கான வாசிப்பு. தோழி அணங்கு என ஒன்று இல்லை என்று சொல்லவில்லை. இந்தப் பெண்ணின் துயருக்கு அது காரணமன்று என்கின்றாள். மறுக்கப்படுவது தெய்வமன்று, தவறான நோய்க்குறிப்பு. ஒரு பெண் உண்ணாமல், உறங்காமல், பேசாமல் இருந்தால் அவளுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று முடிவுகட்டி, அவளைக் கேளாமலேயே அவளுக்காகச் சடங்கு நடத்தும் வழக்கம் வேலனோடு முடிந்துவிடவில்லை. இயேசுவின் நாமத்தினாலே பேயோட்டுகிறோம் என்று கூறிக்கொண்டு விருப்பமில்லாத மணத்துக்கு அஞ்சி நிற்கும் மகளையும், கணவனது அடியால் ஊமையாகிவிட்ட மனைவியையும் சூழ்ந்து நின்று கூச்சலிடும் கூட்டங்கள் நம் சபைகளின் எல்லைக்குள்ளேயே நடைபெறுகின்றன. அணங்கு என்றால் பேய் என்று பொருள் சொல்லி முடிக்கும் போதகர் இந்தத் தோழியின் குரலைக் கேட்டதில்லை போலும். நற்செய்தி நூல்களில் ஆண்டவர் நோயையும் அசுத்த ஆவியையும் இரண்டாகவே காண்கிறார். பேதுருவின் மாமியாருடைய காய்ச்சலுக்குக் கையைப் பிடித்துத் தூக்குதலே போதியதாயிற்று.

இனிப் புனிதத்திற்கும் தீட்டுக்கும் வருவோம். பொன்முடியார் பாடிய புறநானூறு 299 சிறிய பாட்டு. உழுந்துச் சக்கை தின்று வளர்ந்த சிற்றூர்த் தலைவனது குதிரை போர்க்களத்தில் பாய்ந்து செல்கின்றது; நெய்யூட்டி வளர்த்த பெருவேந்தனது குதிரைகளோ ஒதுங்கி நிற்கின்றன. அவற்றிற்குப் புலவர் சொல்லும் உவமை, அணங்குடைய முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாமல் விலகி நிற்கும் மாதவிலக்கான மகளிர். புறநானூற்றின் பழைய உரை முதல் 266 பாட்டுகளுக்கே கிடைத்திருத்தலால் இவ்விடத்தில் முன்னோர் துணை நமக்கு இல்லை. அணங்குடைமை முருகனுக்கு அடையா, கோட்டத்திற்கு அடையா என்பதும் இருவகையாகவும் கொள்ளத்தக்கதாகவே உள்ளது. எவ்வாறாயினும், தீட்டுடையவர் நெருங்கினால் அந்த இடம் தாக்கும் என்ற எண்ணம் வெளிப்படை. பெண்ணே அணங்கின் இருப்பிடம் என்னும் கொள்கைக்கு இப்பாட்டு இடங்கொடாது. இங்கே பெண் வெளியே நிறுத்தப்படுகின்றாள்.

லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தைக் கற்றவர்க்கு இது அயலான உலகமன்று. சீனாய் மலையைச் சுற்றி எல்லை குறிக்கப்பட்டதும், அதனைத் தொடுகிறவன் சாவான் என்று எச்சரிக்கப்பட்டதும் (யாத்திராகமம் 19), உடன்படிக்கைப் பெட்டியைப் பிடித்த ஊசா மாண்டதும் (2 சாமுவேல் 6) நம் மறைநூலில் உள்ளவைதாம். இவற்றை வாசிக்கும்போது வாய்திறவாமல், மலைக்கும் கோட்டத்திற்கும் அஞ்சிய பழந்தமிழரை மட்டும் அறியாமையில் கிடந்தவர் என்பது நேர்மையான அளவுகோல் அன்று. பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்குடைய பெண் கூட்டத்திற்குள் நுழைந்து ஆடையைத் தொட்டாள் என்று மாற்கு 5 கூறும்போது, அவள் அஞ்சி நடுங்கி வந்து விழுந்ததையும் சேர்த்தே கூறுகின்றது. பொன்முடியாரின் கோட்டத்தில் விலகி நின்ற மகளிரை அறிந்த வாசகர்க்கு அந்த நடுக்கத்தின் காரணம் விளங்கும். தொட்டவள் தாக்கப்படவில்லை, மகளே என்று அழைக்கப்பட்டாள்.

கண்ணகிக்கு வருவோம். அணங்கு என்னும் பெண்ணாற்றலுக்குச் சிலப்பதிகாரத்தையே பெருஞ்சான்றாகக் காட்டுவோர் வழக்குரை காதையின் வாயிலோனை மீண்டும் ஒருமுறை கேட்டல் நலம். அவன் பாண்டியனிடம் ஓடிச் சென்று, வாயிலில் நிற்பவள் கொற்றவை அல்லள், கன்னியர் எழுவருள் இளையவள் அல்லள், இறைவனை ஆடச் செய்த அணங்கு அல்லள், காளி அல்லள் என்று ஒவ்வொன்றாக விலக்குகின்றான். இறுதியில் அவன் சொல்வது மிக எளிய செய்தி: சினத்தோடு, கையில் ஒரு சிலம்போடு, கணவனை இழந்த ஒருத்தி நிற்கின்றாள். காப்பியத்தின் பிற்பகுதியில் அவள் தெய்வமாக்கப்படுவது உண்மையே. ஆனால் அரசவையின் வாயிலில் இளங்கோவடிகள் அவளை நிறுத்தும்போது, அணங்கு என்ற சொல்லை அருகில் கொண்டுவந்து, அது அவளுக்குப் பொருந்தாது என்றே சொல்ல வைக்கின்றார். அவள் வழிபாட்டை நாடி வரவில்லை, வழக்குரைக்க வந்தாள். அவளைப் புனித ஆற்றலின் உருவம் என்று வியந்துவிட்டால் அவளது வழக்கைக் கேட்கும் பொறுப்பிலிருந்து நாம் நழுவிவிடலாம். பெண்மையை உயர்த்துவதாக எண்ணி இச்சொல்லைக் கையாளும் நண்பர்கள் இவ்வாபத்தை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிற்காலக் காப்பியங்களில் சொல்லின் கூர்மை மழுங்குகின்றது. அணங்கு என்பது அழகிய பெண்ணுக்கு மறுபெயராகின்றது. எதுகைக்கும் மோனைக்கும் வசதியான சொல்லாகி நிகண்டுகளில் அடங்குகின்றது. 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் வாழ்த்துப் பாடலில் பெ. சுந்தரம் பிள்ளை தமிழையே அணங்கு என்று விளித்தார். அப்பாடலின் பகுதி 1970இல் தமிழ்நாட்டு அரசு விழாக்களின் வாழ்த்தாகவும், 2021இல் மாநிலப் பாடலாகவும் ஏற்கப்பட்டது. அதனைப் பாடுகின்ற பள்ளிப் பிள்ளைகளுள் எவரும் நடுங்குவதில்லை. சொல்லில் எஞ்சியிருப்பது அன்பும் அழகும், அச்சம் போய்விட்டது.

அந்த அச்சத்தைத் தொல்காப்பியர் தெளிவாகக் குறித்திருந்தார். மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுக்கும் அவர், அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்று நிரல்படுத்துகின்றார். இறை என்பது இங்கே அரசன். அணங்கிற்கு உரை கூறும் பேராசிரியர் பேய், பூதம் முதலாக ஒரு நீண்ட பட்டியலே தருவார்; உரையாசிரியர்களுக்குப் பட்டியல் மீது இருக்கும் விருப்பம் நாம் அறிந்ததே. நமக்கு வியப்பளிப்பது வேறொன்று. நூற்பாவின் ஒரு முனையில் அணங்கு, மறு முனையில் இறை. பின்வந்த நூற்றாண்டுகளில் முந்தையது அழகியாயிற்று, பிந்தையது கடவுளாயிற்று. இரண்டுமே தம் அச்சத்தைக் கழற்றி வைத்துவிட்டன. ‘இறையச்சம்’ என்று நாம் எழுதும்போது, அச்சத்தின் நிலைக்களனாகவே தொல்காப்பியர் வைத்த ஒரு சொல்லோடுதான் அச்சம் என்பதை மீண்டும் கூட்டுகிறோம் என்பதை நினைப்பதில்லை.

1917இல் ருடால்ஃப் ஓட்டோ புனிதம் பற்றி எழுதிய நூல், கடவுளனுபவத்தில் நடுக்கமும் ஈர்ப்பும் பிரியாதிருப்பதை எடுத்துரைத்தது. நம் கல்லூரிகளில் அந்நூலைக் கற்பிக்கும்போது அணங்கைச் சான்றாகக் காட்டுதல் தகும். மலையுச்சியும் தலைவியின் நோக்கும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் மொழி, ஓட்டோ கூறியதை அவருக்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தது. ஆயினும் ஓர் எல்லை உண்டு. நாம் கண்ட இடங்களில் அணங்கிற்கு நீதி அநீதி என்ற வேறுபாடு இல்லை. அது தாக்கும், ஏன் தாக்கியது என்று கேட்க முடியாது. ஏசாயா ஆலயத்தில் நடுங்கியபோது தன் உதடுகளின் அசுத்தத்தையும் தன் மக்களின் உதடுகளின் அசுத்தத்தையும் சொல்லி நடுங்கினான். ஆகவே இச்சொல்லைக் கடவுளின் பெயராகவோ தூய ஆவியானவரின் பெயராகவோ வழிபாட்டில் புகுத்துவதை நாம் ஏற்பதற்கில்லை. மனிதர் கடவுளின் அருகாமையில் உணர்ந்த ஒன்றைப் பேசுவதற்கு அது உதவும். கடவுளை அழைப்பதற்கு அது போதாது.

ஓரிடம் மட்டும் நம்மைத் தயங்க வைக்கின்றது. திருமுருகாற்றுப்படையின் இறுதிப் பகுதியில், அடியவன் முன் வான் தோய வந்து நிற்கும் முருகன், அணங்கு நிறைந்த அவ்வுயர்ந்த நிலையை உள்ளடக்கிக்கொண்டு, மணங்கமழும் தன் பழைய இளமை நலத்தைக் காட்டி, அஞ்ச வேண்டா, உன் வருகையை யான் அறிவேன் என்கின்றான். மறுரூப மலையில் முகங்குப்புற விழுந்த சீடரை இயேசு வந்து தொட்டு, பயப்படாதேயுங்கள் என்று கூறியதை (மத்தேயு 17) அறிந்தவர் இவ்விடத்தை விரைந்து கடக்க மாட்டார். இரண்டையும் ஒன்றாக்குவது நம் நோக்கமன்று. நக்கீரரின் முருகன் பேரச்சத்தைத் தன்னுள் மறைத்து அழகைக் காட்டுகின்றான். சீடர் கண்களை உயர்த்தியபோது கண்டதோ எருசலேமை நோக்கிப் போகும் இயேசு ஒருவரையே. ஆனால் அச்சம் முந்தியும் அஞ்சாதே என்னும் சொல் பிந்தியும் வருகின்ற ஒழுங்கு இரண்டிடத்தும் ஒன்றே. அச்சத்தை அறியாத காதில் அஞ்சாதே என்பதற்குப் பொருளில்லை.

நம் திருமறை மொழிபெயர்ப்பிலும் இவ்வச்சம் மழுங்கிய இடம் ஒன்று உண்டு. ஆதியாகமம் 31இல் யாக்கோபும் லாபானும் எல்லைக்கல் நாட்டி உடன்படிக்கை செய்யும்போது, யாக்கோபு தன் தகப்பனது கடவுளை எபிரேயத்தில் ‘ஈசாக்கின் திகில்’ என்ற பொருள்படும் தொடரால் குறித்து, அதன்மேல் ஆணையிடுகின்றான். பழைய தமிழ்ப் பெயர்ப்பு அதனை ‘பயபக்திக்குரியவர்’ என்கின்றது. பணிவான தொடர்தான்; ஆனால் பயபக்தி வழிபடுவோரிடம் இருக்கும் பண்பு. திகிலோ அவர்கள்மேல் வந்து விழுவது. ஏமாற்றிய மாமனும் ஏமாற்றிய மருமகனும் எல்லைக்கல்லின் இருபுறமும் நின்று ஒருவரையொருவர் நம்பாமல் சூளுரைக்கும்போது, அச்சூளைக் காக்கப் பக்தியினும் வலிய ஒன்று வேண்டியிருந்தது. நற்றிணையின் தலைவன் தருவதாகச் சொன்ன சூளுக்கு, அதனைப் பாடிய புலவர் அதனால்தான் அந்த அடைமொழியைத் தேர்ந்தார்.